சைக்கிள் ரீச்சர் பதில்கள்: தண்ணீரில் மிதக்கிற பாதை

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர்: இங்கே ஏரிக்கரையோரம் மாட்டின் குட்மன் பாதையில் சைக்கிள் ஓடுகிறேன். ஹம்பர் குடாவில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமென்று ஒரு வளைவுப் பாலம் இருக்கிறது. ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவியைக் கடக்க அப்படியொரு சைக்கிள் பாதை உண்டா ரீச்சர்?

பாதை உண்டு தம்பி. ஆனால் நீங்கள் கேட்கிற பாதை இல்லை. ஊரைவிட்டுப் போய் எத்தனை வருசமோ! எங்கள் பக்கம் 'பாதை' என்றால் தண்ணீரில் மிதக்கிறது. ஆளையும் ஆட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டை. "பாதை போயிற்றுது" என்று யாரும் சொன்னால், வீதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதென்று பதறாதீர்கள். அடுத்த நடை வரும்வரை துறையில் குந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஆரையம்பதிக்காரி. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கமான படுவான்கரையில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 11 வருசம் மண்முனைத் துறையால் போய்வந்தவள். என்னோடு என் லுமாலா லேடீஸ் சைக்கிளும் பாதையில் ஏறும். ஈரத் தட்டில் ஸ்ராண்ட் போட்டு விட்டால் சரிந்துவிடும். ஹாண்டிலைப் பிடித்தபடியே நிற்க வேண்டும். ஒருநாள் கரியலில் கட்டியிருந்த ஆறாம் வகுப்புக் கொப்பிக் கட்டு அவிழ்ந்து வாவிக்குள் போய்விட்டது. 34 கொப்பி. பக்கத்துத் தோணியில் இருந்தவர் அத்தாங்கு வலையால் கோலித் தந்தார். விடையெல்லாம் நீலத் தண்ணீராகக் கரைந்துபோயிருந்தது. அந்தத் தவணை என் வகுப்பில் எல்லாருக்கும் கணக்கு நன்றாக வந்தது.

2014 இல் ஜப்பான் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறந்தது. அந்தத் துறையின் பாதை அதோடு முடிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் பிள்ளை வலி எடுத்தவளைக் கூட்டிக்கொண்டு இராத்திரியில் துறையில் நின்றவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இனி உங்கள் பயணம். உங்கள் பாதை 56 கிலோமீட்டர் என்று படித்தேன். எங்கள் வாவியும் வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ அதே 56 கிலோமீட்டர்தான். ஆனால் அவ்வளவு தூரத்துக்கும் கரையை ஒட்டி மிதிக்க ஒரே தார்வீதி கிடையாது. துண்டு துண்டாகத்தான் கரை கிடைக்கும். புளியந்தீவில் காந்திப் பூங்காவடியில் தொடங்குங்கள். 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய இடம் அது, சிலையும் இருக்கிறது. அங்கிருந்து கோட்டைமுனைப் பக்கம் கடந்து கல்லடிப் பாலம். 1924 இன் பழைய பாலமும் 2013 இன் புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. புதியது வருமுன் பழையதில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். பஸ்காரர் வரிசையில் நின்று வியர்க்க, நாங்கள் ஓரத்தால் நுழைந்து போய்விடுவோம். எங்களுக்கு இருந்த ஒரே பெருமை அது. ஹம்பர் குடாவில் செலவழித்துக் கட்டியது எங்களுக்குத் தற்செயலாக மிஞ்சியிருக்கிறது: பாரமெல்லாம் புதியதில், பழையதை இடிக்கவில்லை. அதில் ஏறி வாவியைப் பாருங்கள்.

பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி. ஆரையம்பதியில் வலது கைப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். ஏறுமுன் நிற்கவேண்டாம், நடுவில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், கரையில் கண்டல், கண்ணா மரங்கள், தூரத்தில் தோணியில் வலை வைக்கிறவர்கள். இறங்கினால் மகிழடித்தீவு, முதலைக்குடா, கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, பறங்கியர் முன்னால் புல்லுத் தின்றது என்று சொல்கிற கல் நந்தியையும் பார்த்துவிட்டு அம்பிலாந்துறைக்கு விடுங்கள். அங்கே உங்களுக்கு உண்மையான பாதை: சைக்கிளோடு ஏறினால் குருக்கள்மடத்தில் இறங்கலாம். பாதை ஓடுகிறதா என்று கொக்கட்டிச்சோலைத் தேத்தண்ணிக் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். குருக்கள்மடத்திலிருந்து கல்முனை வீதியால் வடக்கே வந்தால் வீடு. இந்தக் கடைசித் துண்டுதான் மோசம். பஸ்கள் காதருகே ஹோன் அடிக்கும்.

காத்தான்குடி வாசகர்: படுவான்கரைக்குப் போகும்போதும் எதிர்காற்று, திரும்பும்போதும் எதிர்காற்று. எனக்கு மட்டுமா இப்படி?

எல்லாருக்கும்தான். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும், வெயிலேற ஏற மூர்க்கமாகும். சூரியன் எழுகிற கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்கே மிதிக்கிற உங்களுக்கு அது முகத்தில். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். திரும்புகிற உங்களுக்கு அதுவும் முகத்தில். காற்றுக்கு உங்களோடு கோபமில்லை, நீங்கள் புறப்படுகிற நேரம்தான் பிழை.

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கிளம்புங்கள். அந்நேரம் வாவி கண்ணாடிபோல் கிடக்கும். பாலத்தைக் காற்று எழும்புமுன் கடந்துவிடலாம். காலை 10 மணிக்கு முன் திரும்பினால் அதே கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். சூரியனும் சேர்ந்து கணக்குப் பண்ண வேண்டிய விசயம்: எழுவான்கரையிலிருந்து காலையில் மேற்கே போகிறவனுக்கு வெயில் முதுகில், பின்னேரம் திரும்புகிறவனுக்கும் முதுகில். படுவான்கரையிலிருந்து பட்டினத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு நேரமும் கண்ணுக்குள். எழுவான், படுவான் என்று பேர் வைத்தவன் சைக்கிள் ஓடியிருக்கமாட்டான், ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

செங்கலடி வாசகி: வயது 52. கியர் சைக்கிள் வாங்கவா?

வேண்டாம். எங்களூரில் ஏற்றம் என்றால் பாலம்தான். அந்தக் காசுக்கு நல்ல சீற்றும் பிரேக் கட்டையும் ஒரு மேலதிக ரியூப்பும் வாங்குங்கள். கரையோர உடைமுள் ரயருக்குள் போனால் ஒட்டுப்போடுகிற கடை தேடி நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று ஒரு கிழமையில் தின்றுவிடும். திரும்பும்போது எருமைத் தயிர் முட்டியைக் கரியலில் கட்டாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

வந்தாறுமூலை மாணவர்: பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினால் மீன் பாடுவது கேட்குமா?

மனே, பாலத்தில் நின்றால் வாகனம் பாடுவதுதான் கேட்கும். தோணிக்காரர் ஒருவரோடு இறங்கு. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், நிலவு முழுசாக இருக்கிற, காற்றில்லாத இரவு வேண்டும். துடுப்பின் ஒரு நுனி தண்ணீருக்குள், மற்ற நுனி காதில். 1848 இல் இங்கே வந்த, வெள்ளைக்கார ஆட்சியில் இலங்கையின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் துரையும் தோணியில் போய்க் கேட்டுத்தான் எழுதினார். மீனில்லை, ஊரி என்கிற நீர்நத்தைதான் பாடுகிறது என்பார் எங்கள் அப்பா. நான் ஒரேயொரு தரம் கேட்டேன். ஈர விரலால் கண்ணாடிக் கிளாசின் விளிம்பைத் தேய்த்ததுபோல, மெல்லிசாக. பக்கத்தில் இருந்த என் தங்கச்சி, "எனக்கு ஒண்டும் கேக்கல்ல கா" என்றாள். இன்றைக்கும் நான் பொய் சொன்னதாகத்தான் அவள் சாதிக்கிறாள்.

களுவாஞ்சிகுடி வாசகி: முதலைக்குடா என்ற பேரைக் கேட்டாலே என் மகள் அந்த வழியால் வரமாட்டேன் என்கிறாள்.

வாவியில் முதலை உண்டு, அதனால் கை கால் கழுவவென்று கண்டல் ஓரத்தில் இறங்கவேண்டாம். போத்தலில் தண்ணீர் கொண்டுபோகட்டும். வீதியில் ஏறிவந்து அது சைக்கிளைத் துரத்தாது. துரத்துகிறது நாய். மகிழடித்தீவு தாண்டியதும் இடப்பக்கத்து வேலிக்குள் ஒரு வெள்ளைக் கடுவன் படுத்திருக்கும். பெல் அடிக்காமல் போகச் சொல்லுங்கள், அதற்குப் பெல் பிடிக்காது.