பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலி: சர்ஜிக்கல் வார்டு செவிலியரின் பதில்கள்

சிஸ்டர், ஆபரேஷன் வயிற்றில்தானே? வலது தோள்பட்டை ஏன் இப்படிக் குத்துகிறது?

லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனின்போது கருவிகளுக்கு இடம் கிடைக்க, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அங்கிருந்து போகும் நரம்பும் தோளிலிருந்து போகும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை அதைத் தோள்வலி என்றே எடுத்துக்கொள்கிறது. தைலம் தேய்த்தால் பெரிதாகக் கேட்காது. வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள், வலித்தால் கொஞ்ச நேரம் படுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை இருந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

நாலு தையலில் தொப்புள் தையல் மட்டும் அதிகம் வலிக்கிறதே?

பலருக்குப் பித்தப்பையை அந்தத் துளை வழியாகத்தான் வெளியே எடுப்பார்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று மாமியார் தடுக்கிறார்.

அந்தக் கவலை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகைக்குப் பொருந்தும். கிட்னிக் கோளாறோ அல்சரோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாரசிட்டமாலை எழுதிக்கொடுத்த அளவில், நேரம் தவறாமல் போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடந்தால் ஆழமாக மூச்சு விட முடியாது, சளி கட்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

அப்பா நன்றாகத் தேறி வந்தார். ஐந்தாம் நாள் மறுபடி வயிற்றுவலி, குளிர்காய்ச்சல். மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். காயத்தின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினால், உள்ளே பித்தநீர் கசிகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வயிறு உப்பி விறைப்பது, வாந்தி நிற்காதது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளிறுவது எல்லாமே அவசரம்தான். பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தில் கல் தங்கியிருந்தாலும் மஞ்சள் காட்டும். அது சில மாதம் கழித்துக்கூட வரலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

எனக்கு வயிற்றைத் திறந்து செய்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்.

அவரோடு ஒப்பிடாதீர்கள் அக்கா. விலா எலும்புக்குக் கீழே தசையையே வெட்டியிருக்கிறார்கள். பழையபடி ஆக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். தண்ணீர்க் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும்.

பிரியாணி சாப்பிட்டதும் வயிற்றைப் பிசைந்து பேதியாகிறது.

பித்தநீரைச் சேர்த்துவைக்கப் பை இல்லாததால் அது குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பலருக்குச் சில வாரத்தில் பழகிவிடும். அப்புறமும் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.