உத்தரவு போட்டாயிற்று, செய்யப்போவது யார்?

கேள்வி: அரசு ஒரு திட்டத்தை அறிவித்தாலே, 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று வீட்டில் வாக்குவாதம்தான். நடக்குமா, நடக்காதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கணிப்பது? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பணம் இருக்கிறதா, மக்கள் ஆதரவு இருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு முதல் கேள்வி வேறு: அந்த உத்தரவைக் கடைசியில் கையால் செய்து முடிக்கப்போவது யார்?

பிரிட்டனில் வீட்டு வரியை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் தலைவரி போட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990. அதற்காக நடந்த கலவரம்தான் பலருக்கும் நினைவிருக்கும். வசூல் குமாஸ்தாவின் பாட்டை யாரும் பேசுவதில்லை. வீடு எங்கேயும் ஓடிப்போகாது; ஆள் போவார். ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்தால் இந்த ஊர்ப் பட்டியலில் பெயரை அடித்து, அந்த ஊர்ப் பட்டியலில் சேர்த்து, இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்து பில் அனுப்ப வேண்டும். அவர் சொல்லாமல் போய்விட்டாலோ, தேடவும் வேண்டும்! 1993-இல் வரி மறுபடி வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஸ்வீடன் கதை நேர் எதிர். சாலையில் இடப்பக்கம் போவதை விட்டு வலப்பக்கம் மாறலாமா என்று 1955-இல் வாக்கெடுப்பு வைத்தபோது 80 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். ஆனாலும் 1963-இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. நாள் குறித்ததோ 1967 செப்டம்பர் 3. நடுவில் அத்தனை வருடம் எதற்கு? பேருந்துக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இடப்பக்கம் இருந்தது. அப்படியே விட்டால் பயணி நடுரோட்டில் இறங்குவார். ஆயிரக்கணக்கான பேருந்துகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு விடிகாலை 4.50-க்கு வண்டிகள் நின்று, வலப்பக்கம் ஒதுங்கி, 5 மணிக்குக் கிளம்பின. கதவைப் பற்றி யோசித்தவர் யாரோ, அவருக்குத்தான் என் ஓட்டு.

அதனால் அடுத்த முறை வீட்டில் வாக்குவாதம் வந்தால், யார் செய்வார், எதை வைத்துச் செய்வார், எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: முன்னோட்டமாக ஓர் இடத்தில் செய்து பார்த்து வெற்றி கண்டால் போதாதா? (அதே மாணவி)

பதில்: பாதி போதும். முன்னோட்டத்துக்குக் கெட்டிக்கார அதிகாரியைப் போடுவார்கள், மேலிடம் தினமும் விசாரிக்கும், கேட்ட பொருள் உடனே வரும். நாடு முழுக்க விரிக்கும்போது, ஏற்கெனவே மூன்று பேர் வேலையைப் பார்க்கும் ஒருவர் தலையில் அது நாலாவதாக விழும். முன்னோட்ட அறிக்கையில் அந்த ஆளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.