மினி ஹிட்டாச்சி பக்கெட்டில் பல் பெயர்ந்துகொண்டே வருகிறதா?

கேள்வி: மாதவரத்தில் மூன்றரை டன் மினி ஹிட்டாச்சி வைத்திருக்கிறேன். மணலி, கொடுங்கையூர் பக்கம் பைப் பள்ளம் தோண்ட, ஓர் அடி அகல பக்கெட் ஒன்றைப் பட்டறையில் செய்தேன். பல் மாட்டும் அடாப்டர் அடிக்கடி பெயர்ந்து வருகிறது. வெல்டர் தகட்டைக் குறை சொல்கிறார். ஒரு புரோக்கர், ஹார்டாக்ஸ் தகடும், பக்கெட்டைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும், பட்டறையில் செய்த குயிக் ஹிட்ச் என்ற கொக்கி இணைப்பும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: தகட்டை விடுங்கள். முதலில் பெயர்ந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். வெல்டிங் முழுதாக அதோடு வந்து, பக்கெட் விளிம்பில் வழவழவென்று தடம் மட்டும் தெரிந்தால், வெல்டிங் ராடு உருகி உள்ளே பிடிக்கவே இல்லை. துருவையும் பெயின்ட்டையும் கிரைண்டரில் எடுக்காமல் வெல்டர் மேலே ஓட்டியிருக்கிறார். வெல்டிங் அப்படியே இருந்து, அதை ஒட்டிய அடாப்டர் உலோகம் விண்டிருந்தால், சூடு காட்டாததும் ராடில் இருந்த ஈரமும்தான் காரணம். கடலோரப் பட்டறைகளில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

அடாப்டர் என்பது வார்ப்பு அலாய் எஃகு. சில்லென்று இருக்கும்போதே அதன்மேல் வெல்டிங் வைத்தால், ஓரம் சட்டென்று குளிர்ந்து கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ராடு பூச்சில் இருக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே போகும். விரிசல் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். பட்டறையில் கச்சிதமாக இருந்தது சைட்டில் கழன்று விழுவது இதனால்தான்.

6013 என்ற வகை ராடு கேட், கிரில்லுக்குப் போதும்; இதற்கு ஹைட்ரஜன் குறைந்த 7018 வகை வேண்டும். பிரித்த பாக்கெட் காசிமேடு, எண்ணூர் காற்றில் ஒரு ராத்திரி கிடந்தாலே அப்பளம்போல நமுத்துவிடும். வெயிலில் காயவைப்பது எந்தப் பயனும் தராது. 300 முதல் 350 டிகிரி வரை காட்டும் ராடு ஓவனில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட்டு, வெளியே எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். அடாப்டரையும் விளிம்பையும் கேஸ் டார்ச்சில் 150 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 200-ஐத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணலில் மூடி, தானாக ஆற விட வேண்டும். ஓவன் இல்லாத பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

இனி புரோக்கர் விஷயம். ஹார்டாக்ஸ் என்பது ஸ்வீடனின் எஸ்எஸ்ஏபி நிறுவனம் செய்யும், தேய்மானம் தாங்கும் தகடு. பழைய தகட்டின்மேல் சாக்பீஸால் அந்தப் பெயரை எழுதி விற்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. தகட்டில் அடித்திருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) மில் சான்றிதழில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். "சான்றிதழ் அப்புறம் வரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் கடினத்தைப் பாருங்கள். ஹார்டாக்ஸ் 450 என்றால் பிரினெல் அளவில் 425-க்குக் கீழே இறங்காது.

இன்னொரு வலை, கிலோ கணக்குக் கூலி. எடை கூடினால் பட்டறைக்குக் காசு கூடும் என்பதால், "இன்னும் கனமா போட்டுடலாம் சார்" என்பார்கள். 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 78.5 கிலோ. அதுவே 16 மி.மீ. என்றால் 125 கிலோவைத் தாண்டும். உங்கள் சின்ன வண்டி தூக்க வேண்டிய மண்ணின் இடத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும், கையை நீட்டினால் வண்டி ஆடும். கூலியை மொத்தமாகப் பேசிவிடுங்கள். விளிம்புக்கும் பக்க வெட்டிக்கும் மட்டும் கடினத் தகடு, உடம்புக்கு ஐஎஸ் 2062 தரச் சாதாரண எஃகுத் தகடு போதும்.

பக்கெட்டை வண்டியின் கையோடு மாட்டும் பின் (pin) போகும் துளைகளுக்கு, கம்பெனி பக்கெட்டின் அளவை எடுத்து, துளைகள் நேராக நிற்க ஒரு டம்மி ஷாஃப்ட் மாட்டிய நிலையில், துளை உள்ள காதுத் தகடுகளை வெல்டிங் செய்யுங்கள்.

பக்கெட், கெட்டித் தரையைக் கிழிக்கும் ரிப்பர் எல்லாம் தாராளமாகப் பட்டறையில் செய்யலாம். குயிக் ஹிட்ச் மட்டும் கூடாது. பக்கெட்டில் பல் போனால் உங்களுக்கு ஒரு நாள் வேலை போகும். ஹிட்சின் கொக்கி நழுவினால் முழு பக்கெட்டும் பள்ளத்துக்குள் பைப் இறக்குகிறவர் மேல் விழும். பிற நாடுகளில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதுவும் கம்பெனி ஹிட்சில், பாதுகாப்புப் பின்னைப் போடாமல் விட்டதால். பட்டறை ஹிட்சில் பெரும்பாலும் அந்தப் பின்னுக்கு ஓட்டையே இருக்காது. ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தாலும் பூட்டு தானாகப் பிடித்து நிற்க வேண்டும். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட நம் ஊர்ப் பட்டறையில் யார் இருக்கிறார்கள்? சைட்டுக்கு வரும் மேற்பார்வையாளர் ஹெல்மெட் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு போகிறார். தலைக்கு மேல் தொங்குவதை யார் செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகு மட்டும் உரிமையாளரைத் தேடி வருவார்கள்.

பக்கெட் மாற்ற இரண்டு பின்னைத் தட்டி எடுக்கிற நேரம்தான் ஆகும், அதைச் செலவழியுங்கள். ஹிட்சுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.