பஞ்சகவ்யம் தூண்டும், பசியாற்றாது: தோட்டக்காரர் கேள்விகளுக்குப் பதில்

களக்காடு வாசகர்: ஐயா, ஏத்தன் வாழைக்கு ரசாயன உரம் போடுவதை நிறுத்திவிட்டேன். தொழுவுரம் இட்டு, மாதம் இருமுறை பஞ்சகவ்யம் தெளிக்கிறேன். குலை தள்ளியும் காய் திரளவில்லை. அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகுகிறது. ஏன்?

சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைந்தால் வாழை இப்படித்தான் காட்டும். பஞ்சகவ்யத்தைக் குறை சொல்ல மாட்டேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளித்தால் வளர்ச்சியைத் தூண்டும். ஆனால் தூண்டுவது வேறு, தீனி வேறு. ஒரு வாழைக்கு 300 கிராமுக்குக் குறையாமல் சாம்பல் சத்து இடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பத்து கிலோ தொழுவுரத்தில் இருப்பது சுமார் 50 கிராம். மண்ணும் கொஞ்சம் கொடுக்கும். வருடா வருடம் வாழையே வைத்த வயலில் அந்தக் கையிருப்பும் கரைந்திருக்கும்.

இத்தனைக்கும் அந்தச் சத்தைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றுகிறவர்கள் நாம்தான். குலை வெட்டிய மரத்தை வாய்க்காலிலும் வரப்போரத்திலும் தள்ளுகிறோம். மரம் உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பங்கு அந்தத் தண்டிலும் மட்டையிலும்தான் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. தண்டை நீளவாக்கில் பிளந்து, துண்டு துண்டாக நறுக்கிச் சாணக் கரைசல் ஊற்றி மக்க வையுங்கள். முழுத் தண்டாகப் போட்டால் கூன்வண்டு குடியேறும். வாடல் நோய் கண்ட மரத்தை மட்டும் வயலுக்குத் திருப்ப வேண்டாம். இப்போதைக்கு விறகுச் சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவி, மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். சாணத்தோடு சாம்பலைக் கலந்து வைக்காதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும்.

சேரன்மகாதேவி வாசகர்: பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வயலில் ஆட்டுக் கிடை போட்டு (ஆடுகளை இரவில் வயலிலேயே அடைத்து), பிறகு கத்தரி வைக்கலாம் என்கிறார் அப்பா. கிடைக்குக் கொடுக்கும் பணத்தில் மண்புழு உரம் வாங்கலாமே என்பது என் எண்ணம்.

அப்பா சொல்வதைக் கேளுங்கள். மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவில் இருக்கும். ஆட்டெருவில் மூன்று விழுக்காடு வரை உண்டு. கிடையில் ஆட்டு மூத்திரமும் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது, ஏற்றுகூலி இறக்குகூலி எதுவும் கிடையாது. மண்புழு உரம் நல்ல பொருள்தான். அதை நாற்றங்காலுக்கும் நடவுக்குழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடை எழுந்த மறுநாளே மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் பாதிப் பயன் காற்றோடு போகும். இன்னொன்று, ஆடுகள் எங்கே மேய்ந்து வந்தன என்று கிடை போடும் கீதாரியிடம் (ஆட்டு மேய்ப்பரிடம்) கேளுங்கள். சீமைக்கருவேல நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வந்து, மழைக்கு முளைத்துவிடும். முளையிலேயே பிடுங்கினால் தொல்லையில்லை. ஒரு பருவம் விட்டால் மண்வெட்டிக்கும் அடங்காது.

புளியங்குடி வாசகர்: எலுமிச்சை இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக இருக்கிறது. மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்) தெளித்தும் மாறவில்லை.

இளம் இலைகளிலும் அப்படியென்றால் துத்தநாகக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்கு எட்டாது. மீன் அமிலம் தழைச்சத்தும் அமினோ அமிலமும் தரும். இந்தப் பூட்டை அது திறக்காது. மண் பரிசோதனை செய்து கார அமில நிலையைப் பாருங்கள். குறை உறுதியானால் 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட்டைப் புதுத் துளிர் விடும்போது தெளியுங்கள். இது ரசாயனம் ஆயிற்றே என்று தயங்குவது புரிகிறது. குறை நிரூபணமானால் இயற்கைச் சான்றிதழ் விதிகளிலும் நுண்ணூட்டத்துக்கு இடமுண்டு. சான்று பெற்ற தோட்டமானால் சான்றளிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெடுங்கால வழி, மரங்களுக்கிடையே தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ பசுந்தாள் உரமாக விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது.

ஆலங்குளம் வாசகர்: தக்காளிக்கு அசோஸ்பைரில்லமும் டிரைக்கோடெர்மாவும் இட்டேன். பலனே தெரியவில்லை.

பொட்டலத்துக்குள் இருப்பது உயிர்: அசோஸ்பைரில்லம் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? கடை வாசலில் வெயிலில் கிடந்த பையா? தாமிரப் பூஞ்சணக்கொல்லி ஊற்றிய கையோடு இட்டிருந்தால் டிரைக்கோடெர்மாவும் செத்திருக்கும். மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சில நாள் வைத்திருந்து, மாலையில் ஈர மண்ணில் இடுங்கள்.

திசையன்விளை வாசகர்: தேரி மண்ணில் (செம்மணலில்) முருங்கை. எவ்வளவு எரு போட்டாலும் நிற்பதில்லை.

நிற்காதுதான். மணலில் சத்து தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஆண்டுக்கொருமுறை கொட்டுவதை நான்காகப் பிரித்து இடுங்கள். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிக் குளத்துக் கரம்பை (வண்டல் மண்) அடித்துத் தூர்ப்பாத்தியில் கலந்தால், ஈரமும் சத்தும் தங்க ஒரு பிடிமானம் வரும். கவாத்து செய்த முருங்கைக் குச்சிகளை எரிக்காமல் தூரைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். ஆடிக் காற்றில் பறக்காமலிருக்க மேலே இரண்டு பனையோலை போட்டுக் கல் வையுங்கள்.