முட்டை முதலில், தாமரை பிறகு

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலில், பள்ளிகொண்ட பெருமாளின் உந்தித் தாமரையில் பிரம்மா அமர்ந்திருக்கும் படம் மாட்டியிருக்கிறது. நூலகத்தில் பார்த்த இந்தியச் சிற்றோவியத் தொகுப்பிலோ, படைப்பைக் காட்டும் பக்கத்தில் இருண்ட நீரும் ஒரு பொன் முட்டையும் மட்டுமே இருந்தன. தெய்வ உருவமே இல்லை. அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எதைச் சரியென்று சொல்வது?
– ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: இரண்டையுமே சொல்லலாம், டீச்சர், முட்டையை முதலில் சொல்லுங்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது இமயமலைச் சாரலில் இருந்த குலேர் அரசின் ஓவியர் மானக்கு, 1740ஆம் ஆண்டளவில் பாகவத புராண ஓவிய வரிசைக்காகத் தீட்டிய ‘இரணியகர்ப்பம்’ (பொற்கரு) ஆகத்தான் இருக்க வேண்டும். மூல ஏடு இன்று வாராணசியின் பாரத் கலா பவன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாகவதத்தின் மூன்றாம் கந்தம், 20ஆம் அத்தியாயம், அந்த அண்டம், அதாவது முட்டை, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக உயிரற்று நீரில் கிடந்ததாகவும், பின்னரே இறைவன் அதனுள் புகுந்ததாகவும், அவருடைய உந்தியிலிருந்து ஆயிரம் சூரியரின் ஒளியோடு தாமரை எழுந்ததாகவும் கூறுகிறது. ஆகவே கோயில் படம் அதே கதையின் அடுத்த கட்டம். மானக்கு அதற்கு முன்னேயே தூரிகையை நிறுத்திக்கொண்டார். உருவம் வரையத் தெரியாதவர் அல்லர் அவர். 1725ஆம் ஆண்டளவில் தீட்டிய இலங்கை முற்றுகை வரிசையில் இராவணனின் பத்துத் தலைகளையும், தாம் காணாத நம் இலங்கையைப் பொற்கோட்டையாகவும் வரைந்தவர். அப்படிப்பட்டவர் இங்கே எதையும் சேர்க்காமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நீரைக் கவனித்தீர்களா? தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தை அறுத்தால் கட்டையில் தெரியும் வளையங்களைப் போல, கோட்டுக்குள் கோடாகச் சுழல்கிறது; கரையோ வானமோ இல்லை. இத்தகைய ஏடுகள் சுவரில் மாட்டுவதற்கானவை அல்ல, கையில் எடுத்துப் பார்ப்பதற்கானவை. சற்றுச் சாய்த்தால் பொன் பூச்சில் ஒளி ஏறி இறங்கும். அச்சுப் படத்தில் இது வெறும் மஞ்சளாகிவிடுகிறது.

இதையும் தாண்டிப் போனவர் ஒருவர் உண்டு. ராஜஸ்தானத்து ஜோத்பூரில் மன்னர் மான்சிங் காலத்தில், 1823இல், புலாக்கி என்பவர் நாத சித்தர்கள் என்னும் யோகிகளின் மரபுக்காக மூன்று கட்டங்கள் கொண்ட ஓர் ஓவியம் தீட்டினார். மூன்றாம் கட்டத்தில் வெள்ளி நிற நீர்மேல் ஒரு சித்தர்; இரண்டாவதில் பொன் வெளியில் ஒரு சித்தர்; முதலாவதிலோ முட்டைகூட இல்லை, பொன் மட்டுமே.