பழைய ஜூம் லென்ஸை எப்படி எடைபோடுவது? பிலிம் கேமரா கேள்வி பதில்

பிலிம் கேமராவை மறுபடியும் கையில் எடுத்திருக்கும் நெல்லைச் சீமை நண்பர்கள் ஜூம் லென்ஸ்கள் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஜூம் நல்லது?" இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எந்தக் குவியத் தொலைவில் (மி.மீ. எண்; அது கூடினால் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும்), எந்த அபெர்ச்சரில் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது), எந்த நிலையில் இருக்கும் லென்ஸ் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதிலுக்குப் பொருள் உண்டு.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, ஜூம் என்றாலே ஜூம் அல்லாத 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு படி கீழேதான் என்று எங்கள் பகுதி ஸ்டுடியோக்காரர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

1960-களின் லென்ஸ்களைப் பற்றி என்றால் பெரும்பாலும் உண்மை. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் 1959-இல் வந்தது. வாய்க்லாண்டர் ஜூமார், 36–82 மி.மீ., எஃப் 2.8. அது பெரிய சாதனை. ஆனால் அதை வைத்து எடுத்த படங்களில் ஓரங்கள் தளர்ந்தே இருந்தன.

காரணம் எளிது. சாதாரண லென்ஸில் கண்ணாடிகள் ஒரே ஏற்பாட்டில் நிற்கின்றன; அந்த ஏற்பாட்டுக்குப் பிழைகளைத் திருத்தினால் வேலை முடிந்தது. ஜூமில் கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. 80 மி.மீ.-இல் அடக்கிய பிழை 200 மி.மீ.-இல் தலைதூக்கும். கண்ணாடிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். பத்துத் தொகுதிகள் கொண்ட ஜூமில் காற்றைத் தொடும் பரப்புகள் 20. பெருக்கிப் பாருங்கள்: வந்த ஒளியில் பாதிகூட நேராகப் பிலிமைச் சேராது. திரும்பிய ஒளியில் ஒரு பங்கு லென்ஸுக்குள்ளேயே அலைந்து, கறுப்பாக விழவேண்டிய இடத்தைச் சாம்பலாக்கிவிடும். பல அடுக்குப் பூச்சும் கணினி வழி வடிவமைப்பும் பரவலான பிறகுதான் ஜூம்கள் தேறின.

அதிலும் டெலி ஜூம்கள், அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டுபவை, முன்னதாகத் தேறின. 200 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணம் மூலைக்கு மூலை சுமார் 12 பாகை, 28 மி.மீ. பார்ப்பது சுமார் 75 பாகை. குறுகிய கோணத்தில் ஓரப் பிழைகளை அடக்குவது எளிது. நிக்கானின் 80–200 எஃப் 4.5, பத்துத் தொகுதிகளில் 15 கண்ணாடிகளோடு, 1970-களிலேயே தொழில்முறைக் கலைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டது. 1980-களில் வந்த ஒரு நல்ல 80–200-ஐ எஃப் 8-இல் வைத்து எடுத்த பிரிண்டை, ஜூம் அல்லாத 135 மி.மீ. லென்ஸில் எடுத்த பிரிண்டோடு கலந்து வைத்துவிட்டால் பிரித்துச் சொல்வது கடினம்.

உங்கள் ஸ்டுடியோக்காரர் வெல்லும் இடம் ஒன்று உண்டு. அது வெளிச்சம். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 3.5 ஜூமைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மாலை மங்கிய பிறகு ரத வீதியில் படம் எடுப்பவருக்கு அந்த நான்கு மடங்கு மிகப் பெரியது.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என்னிடம் ஒரு 35–70, ஒரு 28–85 இருக்கின்றன. பிலிம் விற்கும் விலையில் ஒரே ரோலில் இரண்டையும் ஒப்பிட வழி உண்டா சார்?

உண்டு அம்மா. நீங்கள் கேட்டதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

ஒப்பிடும்போது இரண்டு லென்ஸையும் ஒரே குவியத் தொலைவில் வைக்கவேண்டும். ஒன்றை 28-இலும் மற்றதை 70-இலும் எடுத்துவிட்டு எது கூர்மை என்று பேசுவதில் பயனில்லை. இரண்டுக்கும் பொதுவான 35, 50, 70 ஆகிய மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் முழுத் திறப்பு, எஃப் 8, எஃப் 16 என மூன்று படங்கள். ஒரு லென்ஸுக்கு ஒன்பது பிரேம், இரண்டுக்கும் பதினெட்டு. ரோலில் பாதி மீதமிருக்கும்; அதில் ஆசைப்பட்டதை எடுங்கள்.

வெயில் நேராக விழும் தட்டையான சுவரில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கங்களை ஒட்டுங்கள். அந்தப் பொடி எழுத்தை மிஞ்சும் சோதனைப் பலகை தேவையில்லை. கேமரா சுவருக்கு இணையாக நிற்கவேண்டும். அதற்கு ஒரு வழி: சுவரின் நடுவில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியைத் தட்டையாக வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். உங்கள் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் கேமரா இணையாக இருக்கிறது. பிறகு கண்ணாடியை எடுத்துவிடுங்கள். டிரைபாடும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீசும் கட்டாயம். பிலிமின் ஒளியுணர்வைக் காட்டும் ஐஎஸ்ஓ எண் 100 அல்லது 125 ஆக இருக்கட்டும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் பொருத்தமானது. 400 பிலிமின் துகள், நாம் தேடும் வேறுபாட்டையே மூடிவிடும். காலை இளவெயிலில் எஃப் 16-க்கு 1/60 நொடி வந்தால், எஃப் 4-க்கு 1/1000 வரும். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவுக்கும் அது எட்டும். ஷட்டர் 1/30-க்குக் கீழே போகவேண்டாம். வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் கண்ணாடி கேமராவுக்குள் எகிறும் அதிர்வு லென்ஸின் பிழைபோலப் பதிந்துவிடும். குவியத் தொலைவை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள்.

லேப் தரும் ஸ்கேனை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த இயந்திரம் தானாகவே கூர்மையைக் கூட்டிவிடும். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்துப் பாருங்கள். உருப்பெருக்கி இல்லையென்றால் 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம். ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் வடிவமைப்பு. எஃப் 8-இல் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ், அல்லது கழற்றிச் சரியாகப் பூட்டாத லென்ஸ். எவ்வளவு புகழ்பெற்ற பெயர் பொறித்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். எஃப் 16-இல் எல்லாமே சற்று மென்மையாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். சிறிய துளையில் ஒளி விலகிப் பரவுவது எல்லா லென்ஸுக்கும் பொது.

நேர்கோடு வளைகிறதா என்பதற்குத் தனியாக இரண்டு படம் போதும். 1843-இல் திறந்த நம் சுலோசன முதலியார் பாலம் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. ஆற்றங்கரையில் நின்று, பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிரேமின் மேல் விளிம்பையொட்டி வைத்து, ஜூமின் அகலக் கோடி, நீளக் கோடி இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். அகலக் கோடியில் கோடு வெளிப்பக்கம் உப்பும், நீளக் கோடியில் உட்பக்கம் இழுபடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பாளையங்கோட்டையிலிருந்து: காலமான என் அப்பா வைத்திருந்த நிக்கான் 43–86 எஃப் 3.5 என்னிடம் இருக்கிறது. நிக்கானிலேயே மோசமான லென்ஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விற்றுவிடலாமா அண்ணாச்சி?

விற்காதீர்கள். 1963-இல் வந்த அந்த லென்ஸ்தான் சாதாரண மக்களின் கைக்கு ஜூமைக் கொண்டுவந்தது. 35 மி.மீ. பிரேமின் மூலைவிட்டம் 43 மி.மீ.; லென்ஸ் அங்கே தொடங்கிச் சரியாக இரண்டு மடங்கில் முடிகிறது.

முதல் வடிவத்தில் ஒன்பது கண்ணாடிகள். 43-இல் கோடுகள் நன்றாகவே உப்பும், 86-இல் உள்ளே இழுபடும். எதிர்வெயிலில் கான்ட்ராஸ்ட் போய்விடும். கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது. 1970-களின் பிற்பகுதியில் பதினொரு கண்ணாடிகளோடு மாற்றி வடிவமைத்துப் பல அடுக்குப் பூச்சும் கொடுத்தார்கள். அந்தப் பின் வடிவம் கண்ணியமான லென்ஸ். இரண்டையும் ஒரே பெயரில் திட்டுவது நியாயமில்லை.

உங்களுடையது பழைய வடிவமாகவே இருக்கட்டும். 60-ஐ ஒட்டி வைத்து, எஃப் 8-இல், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து முகங்களை எடுங்கள். கட்டடத்துக்கு வேறு லென்ஸ் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அப்பா எடுத்த நெகட்டிவ்கள் வீட்டில் இருந்தால் அவற்றையே உருப்பெருக்கியில் பாருங்கள். உங்கள் லென்ஸைப் பற்றி அவற்றைவிட நல்ல சான்று கிடையாது.

தென்காசியிலிருந்து: பழைய ஜூம் ஒன்று வாங்கப் போகிறேன். கூர்மையைச் சோதிக்கும் வரை விற்பவர் காத்திருக்கமாட்டார். கையில் வாங்கியவுடன் எதைப் பார்ப்பது?

டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். அபெர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. சிலந்தி இழைபோலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. பால் ஆடைபோல ஒரே சீராக வெளுத்திருந்தால் மங்கல். பூஞ்சையைவிட இந்த மங்கல்தான் படத்தை அதிகம் கெடுக்கும், ஆனால் பலர் கண்ணுக்குப் படுவதே இல்லை. நிக்கானின் ஆட்டோஃபோகஸ் 35–70 எஃப் 2.8, ஒளியியலில் மிகச் சிறந்த ஜூம். அதன் உள்கண்ணாடி ஒன்று மங்கும் இயல்புடையது என்பது ஊரறிந்த விஷயம். தெளிவாக இருக்கும் சாதாரண ஜூம், மங்கிப்போன உயர்ந்த ஜூமைத் தோற்கடித்துவிடும்.

உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல். திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை. பூஞ்சைக்கு இரண்டுமே கொண்டாட்டம். தோல் உறைக்குள் லென்ஸை வைக்கவே வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். மெல்லிய பூஞ்சையைச் சுத்தம் செய்துவிடலாம். பூச்சையே அரித்துவிட்டால் சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும்.

நாங்குநேரியிலிருந்து: விவிட்டார் சீரீஸ் 1, 70–210 பற்றி ஒருவர் புகழ்கிறார், ஒருவர் இகழ்கிறார். யாரை நம்புவது?

இருவரும் வெவ்வேறு லென்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள். விவிட்டார் தானே லென்ஸ் செய்யவில்லை. வெவ்வேறு ஜப்பானிய ஆலைகளிடம் செய்வித்தது. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 22 என்றால் கினோ, 37 என்றால் டோக்கினா, 28 என்றால் கோமினே. முதல் இரண்டிலும் ஜூமை நகர்த்தினாலும் எஃப் 3.5 மாறாது; கோமினே செய்ததில் எஃப் 2.8-இலிருந்து 4 வரை மாறும். அந்தக் கோமினே கிடைத்தால் நான் தயங்காமல் எடுப்பேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கல்யாணப் படக்காரர்: அபெர்ச்சர் மாறும் ஜூம், மாறாத ஜூம். படத்தின் தரத்தில் வேறுபாடு உண்டா?

தரத்தை அது தீர்மானிப்பதில்லை. கேமராவுக்குள்ளிருக்கும் மீட்டரை நம்பி எடுத்தால் கவலையே இல்லை. மேனுவல் ஃப்ளாஷ் போடும்போதுதான் சிக்கல். 35–70 எஃப் 3.5–4.8 லென்ஸில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. முன்பே ஒரு குவியத் தொலைவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூலக்கரைப்பட்டியிலிருந்து: கூந்தன்குளத்தில் பறவைகளை எடுக்க 80–200-உடன், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் குவியத் தொலைவைப் பெருக்கும் இரண்டு மடங்கு கன்வர்ட்டர் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. கன்வர்ட்டர் படத்தோடு சேர்த்து லென்ஸின் பிழைகளையும் இரண்டு மடங்காக்கும். இரண்டு ஸ்டாப் ஒளியும் போகும், எஃப் 4.5 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும். வியூஃபைண்டரின் நடுவட்டம் பாதி கறுத்துப்போய் ஃபோகஸ் செய்யவே முடியாது. தவிர, கூந்தன்குளத்தில் வர்ண நாரைகள் ஊருக்குள், வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அந்த ஊர் மக்கள் அவற்றைக் காத்துவருகிறார்கள். தெருவில் அமைதியாக நின்றால் 200 மி.மீ. போதும். குளத்தின் நடுவில் நிற்கும் பூநாரைக்குத்தான் 300 தேவை; அதற்கு ஜூம் அல்லாத 300-ஐ இரவல் வாங்குங்கள்.

வள்ளியூரிலிருந்து: 200-இல் ஃபோகஸ் செய்து 80-க்கு வந்தால் படம் மங்குகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

சில ஜூம்களின் இயல்பே அது; ஜூமை நகர்த்தினால் ஃபோகஸும் நகரும். ஜூமுக்கும் ஃபோகஸுக்கும் ஒரே வளையம் உள்ள, தள்ளி இழுக்கும் வகை லென்ஸில் இப்படி நடந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டுச் சோதித்தால் பிலிம் மிச்சமாகுமே?

மையம் விலகியிருக்கிறதா என்று பார்க்க அது மிக நல்ல வழி. ஆனால் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நல்ல லென்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். 8×12 அங்குல பிரிண்டில் அந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. பொருள்களின் ஓரத்தில் படியும் நிற விளிம்பு விஷயத்தில் நேர்மாறு: டிஜிட்டலில் மென்பொருள் அதைத் துடைத்துவிடும், கலர் பிலிமில் அப்படியே நிற்கும்.

திருநெல்வேலி டவுனிலிருந்து: ஆனித் தேரோட்டத்துக்கு ஒரே ஒரு ஜூம் என்றால் எது அண்ணாச்சி?

வீதியில் நிற்பீர்களா, மாடியில் நிற்பீர்களா என்பதைப் பொறுத்தது. வீதி என்றால் 35–70. மினோல்டாவின் எம்டி 35–70 எஃப் 3.5 இந்த அளவில் நான் மதிக்கும் லென்ஸ். லைக்கா தன் ஆர் கேமராவுக்கு விற்ற 35–70 எஃப் 3.5 மினோல்டாவோடு சேர்ந்து உருவாக்கியதுதான். மாடி என்றால் 80–200. வடம் பிடிப்பவர்களையும் தேரையும் நெருக்கிக் காட்டும்.

பிலிம் கோடக் கோல்டு 200, எஃப் 11, 1/500 நொடி. வெயில் ஏறியதும் லென்ஸ் ஹூடு போட்டுக்கொள்ளுங்கள். ஜூமின் ஹூடு அகலக் கோடிக்கு அளவெடுத்துச் செய்ததால் நீளக் கோடியில் முழுதும் காக்காது. சூரியன் முன்பக்கம் வந்தால் இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் கொடுங்கள். ஃபில்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.