54 வயதில் ஸ்மார்ட் போர்டு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். வயது 54. புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் தம்பி ஸ்மார்ட் போர்டில் வினாடி வினா, அனிமேஷன் என்று பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறார். எனக்கு சாக்பீஸ்தான் கைவருகிறது. பள்ளிப் படிப்புக்கு அப்புறமும் தானாகக் கற்கும் பழக்கத்தைத் தொழில்நுட்பத்தால் வளர்க்க வேண்டும் என்கிறார்கள் பயிற்சியில். என் தலைமுறைக்கு அது முடியுமா? 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தபோதுகூட இந்தத் தயக்கம் இல்லை.
— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முடியும் டீச்சர். உங்கள் தயக்கத்துக்கு வயது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கைப்பேசி என்றாலே வருகைப்பதிவு, விவரப் பதிவேற்றம் என்று ஆகிவிட்டால் யாருக்குத்தான் அதன்மேல் ஆசை வரும்?

கணினியோடு வளர்ந்த மாணவர்கள் டிஜிட்டல் உலகின் மண்ணின் மைந்தர்கள், ஆசிரியர்கள் அங்கே குடியேறிகள் என்று 2001-இல் பிரித்துப் பேசியவர் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி. இந்தப் பிரிவினைக்கு இனி அவ்வளவு பொருள் இருக்காது என்று 2009-இல் அவரே எழுதினார். அதை விடுங்கள்.

பட்டனைக் கண்டுபிடிக்கும் வேகத்தில் தம்பி உங்களை முந்துவார். ஆனால் பல்பு எரியும்போது மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்று பிள்ளைகள் நினைப்பது இத்தனை வருடம் பாடம் நடத்திய உங்களுக்குத் தெரியும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' இணையதளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் வசதி இலவசம். பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒன்று வையுங்கள். சுவிட்சைப் போடுவதற்கு முன், எதில் அதிகம் காட்டும் என்று கைதூக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும் பாருங்கள்! அப்புறம் டார்ச் செல், கம்பி, பல்பு கொடுத்து நிஜமாகவும் செய்யவிடுங்கள்.

மதிப்பெண் போட்டி வைக்கும் வினாடி வினாவில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெல் அடித்ததும் அந்த உற்சாகம் போய்விடும். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்கும்போது, "நாளைக்குச் சொல்றேன்" என்று தள்ளாமல் அங்கேயே போர்டில் தேடுங்கள். இரண்டு இடங்களில் ஒப்பிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்தால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியும், அதையும் காட்டுங்கள். பத்தாவதோடு மில் வேலைக்குப் போகிற பிள்ளை கையிலும் போன் இருக்கும். தெரியாததை எப்படித் தேடிச் சரிபார்ப்பது என்பதை அது உங்களிடம்தான் பார்த்திருக்க வேண்டும்.

அறிவொளியில் உங்களைவிட மூத்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். எழுத்தோடு சைக்கிளும் பழகியவர்கள் அவர்கள். முதல் நாள் அவர்கள் கூசியபோது நீங்கள் என்ன சொல்லித் தேற்றினீர்கள்? இப்போது தம்பி முன் உட்காரும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்சுற்றுப் பாடத்தைச் சேர்ந்து எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். ஒரே நிபந்தனை, மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். எல்லாவற்றையும் அவரே செய்துகொடுத்தால், அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போனதும் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.